கிளட்ச் இல்லாத பச்சை வண்டி

“சார்… கொஞ்சம் இறங்குறீங்களா? அது என் வண்டி!”

இந்துப்ரியா சொன்னது இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போனது. வெள்ளை ஜீப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் காதில் விழாதவன் போல ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தான். பின்னாலிருந்து ஒரு கொத்துக் கரும்புகை கிளம்பி நேராக அவளுடைய துப்பட்டாவில் வந்து படிந்தது. இளமஞ்சள் துப்பட்டா… அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டது.

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. முதலில் தெரிந்தது கண்கள்தான். பெரிய, கரிய கண்கள்… மழைக்கு முந்தைய வானம் மாதிரி ஒரு ஈரம், ஒரு சோம்பல். சண்டை போட வந்தவர்களுக்குக் கூட என்ன சொல்ல வந்தோம் என்பதை மறக்கடிக்கிற கண்கள்…

இந்துப்ரியா மறக்கவில்லை. மறக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள், அவ்வளவே.

“இது நான் சொல்லி வச்ச வண்டி சார். மூணு நாளா போன்ல பேசிக்கிட்டிருக்கேன்.”

“அப்படியா? நான் ரெண்டு மாசமாச் சொல்லி வச்சிருக்கேன் மேடம்.”

“யார்கிட்ட?”

“பேயாண்டி அண்ணன்கிட்ட. நீங்க?”

அவளும் பேயாண்டியிடம்தான் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பசுமலையில் திருமங்கலம் ரோட்டோரம் பழைய வண்டிகளை வாங்கி விற்கிற பேயாண்டி, கொட்டகைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். அவருடைய தொப்பைக்கு அந்தத் தூண் போதவில்லை.

“அண்ணே!”

“இருங்க தங்கச்சி… இருங்க டாக்டரு… எதுக்கு இம்புட்டுக் கோவம்? வண்டி ஒண்ணா இருக்கு? ரெண்டு இருக்குல்ல!”

இருந்தது. வெள்ளைக்குப் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே மாதிரி, பச்சை நிறத்தில் இன்னொன்று. மேலூர்ப் பக்கத்துக் குவாரி முதலாளி ஒருவர் ஒரே நாளில் வாங்கி, எட்டு வருடம் ஓட்டி, ஒரே நாளில் விற்றுவிட்ட ஜப்பான் டீசல் ஜீப்புகள். மேடு பள்ளம், சேறு, பாறை எதற்கும் அஞ்சாதவை. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளைக்குக் கையால் போடுகிற கியர், காலால் மிதிக்கிற கிளட்ச். பச்சை ஆட்டோமேட்டிக். அதற்குக் கிளட்ச்சே கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும்.

“பச்சை எனக்கு வேணாம்,” என்றாள் அவள்.

“எனக்கும்தான்,” என்றான் அவன்.

“பாத்தீங்களா? மதுரையில அதை ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்,” என்று பேயாண்டி தலையில் கை வைத்தார்.

அவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை ஒரு கணம் தரைக்குப் போய் மறுபடி அவள் முகத்துக்கு வந்தது.

“மேடம்… நான் ஒண்ணு சொல்றேன். நீங்க பச்சையை எடுங்க. உங்களுக்கு அதுதான் சரியா வரும்.”

“ஏன் சரியா வரும்?”

“கிளட்ச் இல்ல. ஓட்டுறதுக்கு லேசா இருக்கும்…”

“ஓ! பொம்பளைன்னா கிளட்ச் மிதிக்கத் தெரியாதோ?”

“ஐயோ, நான் அதுக்குச் சொல்லல…”

“பின்ன எதுக்குச் சொன்னீங்க?”

அவன் பார்வை மறுபடி தரைக்குப் போனது. மாட்டிக்கொண்டான் பார், என்று நினைத்துக்கொண்டாள் இந்துப்ரியா.

“பேட்டரி படுத்துடுச்சுன்னா வெள்ளையைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் சார். பச்சையை என்ன பண்ணுவீங்க? இறக்கத்துல முதல் கியர்ல விட்டா வெள்ளை பிடிச்சுக்கிட்டு இறங்கும். பச்சைக்கு பிரேக்கையே நம்பணும். கியர்பாக்ஸ் ரிப்பேர்னா அதைப் பிரிச்சுப் பாக்கவே இங்க ஆள் கிடையாது, கோயம்புத்தூருக்கு இழுத்துட்டுப் போகணும். நான் வாரத்துல அஞ்சு நாள் காட்டுல இருக்கறவ. எனக்கு வெள்ளைதான் வேணும்.”

“காட்டுல என்ன பண்றீங்க?”

“தண்ணி பாக்குறேன். போர் போடுறதுக்கு இடம் குறிச்சுக் கொடுக்கறது என் வேலை.”

“உள்ளங்கையில தேங்காய் வச்சா?”

“மெஷின் வச்சு! நான் ஜியாலஜி படிச்சிருக்கேன் சார். நீங்க டாக்டர்தானே? நீங்க காட்டுல என்ன பண்ணுவீங்க?”

“நான் மாட்டு டாக்டர். விஸ்வநாத்.”

“அதான பாத்தேன்… மனுஷங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல.”

பேயாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விஸ்வநாத்தும் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அந்தக் கண்களிலிருந்த சோம்பல் சட்டென்று கலைந்தது… அதைக் கவனித்திருக்கவே கூடாது என்று இந்துப்ரியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் பேயாண்டி ஒரு வழி சொன்னார். நிலையூர்க் கண்மாய்க் கரை வரைக்கும் இரண்டு பேரும் வெள்ளையிலேயே போய் வருவது. ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்வது.

“நான்தான் ஓட்டுவேன்,” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாள் அவள்.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே முதல் துளி விழுந்தது. ஐப்பசி மழை. தயங்கித் தயங்கி ஆரம்பித்து, வயல்களை எட்டியபோது ஒரேயடியாகக் கொட்டியது. கண்மாய்க் கரைக்கு ஏறுகிற செம்மண் பாதை கண் முன்னாலேயே சேறாகிக்கொண்டிருந்தது.

“வேணாம் மேடம், இங்கயே திருப்பிடலாம்…”

அவள் நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி சின்ன லிவரைத் தள்ளினாள். முதல் கியர். பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டாள். வண்டி உறுமியது… வழுக்கியது… பிடித்துக்கொண்டது. பாதி மேட்டில் ஒரு எருமை குறுக்கே வந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தது. அது நகரும் வரை சரிவிலேயே கிளட்ச்சில் வண்டியைத் தாங்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா…

அந்த நேரத்தில்தான் அவளுடைய இடது கணுக்காலுக்குள் இருந்த இரும்புத் தகடு விழித்துக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விரகனூர் ரிங் ரோட்டில் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியபோது வைத்த தகடு. வெளியே யாருக்கும் தெரியாது. வேகமாக நடந்தால் நொண்டல் தெரியாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதனால் எப்போதும் வேகமாகவே நடந்தாள். இப்போது அந்தத் தகட்டிலிருந்து ஒரு வலி, சூடு பண்ணின கம்பி மாதிரி முழங்கால் வரை ஏறியது. உதட்டைக் கடித்தாள். காலை எடுக்கவில்லை.

எருமை நகர்ந்தது. வெள்ளை வண்டி ஒரே மூச்சில் கரையின் மேல் ஏறி நின்றது. முன்னால் கண்மாய் முழுக்க மழை… ஆயிரம் வட்டங்கள் விரிந்து விரிந்து மறைந்தன.

“எப்படி?” என்று திரும்பினாள். கண்ணோரத்தில் வலியால் வந்த ஒரு சொட்டு நீர். மழைச் சாரல் என்று நினைத்துக்கொள்ளட்டும்…

விஸ்வநாத் கண்மாயைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெள்ளையை நீங்களே எடுத்துக்கங்க,” என்றான் மெதுவாக.

“என்ன சார், பயந்துட்டீங்களா?”

“ஆமா. வண்டியைப் பாத்து இல்ல.”

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க நினைத்தாள். வைப்பர் சத்தத்தில் கேள்வி எங்கேயோ போய்விட்டது.

* * *

காமராஜர் சாலையில் அவளுடைய அப்பா துளசிராமுக்குச் சுங்குடிப் புடவைக் கடை. கடைக்கு மேலேதான் வீடு. கடையில் தமிழ், மாடிக்கு ஏறினால் சௌராஷ்டிரம். விபத்துக்கு அப்புறம் ஆறு மாதம் அந்த மாடியில் படுத்துக் கிடந்தவள் இந்துப்ரியா. எழுந்த நாளிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். டி.வி. பார்த்தால் நின்றுகொண்டு பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு ஆகாது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன தையில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, “பொண்ணு அந்த ரூம் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்,” என்றார்கள். நடந்தாள். மெதுவாக, தலை குனிந்து நடக்கச் சொல்லியிருந்தார்கள். மெதுவாக நடந்தால்தானே தெரியும்… இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளுக்கு வழி விட ஆரம்பித்தார்கள். அவள் வந்தால் நாற்காலி காலியாகும். படியேறினால் அப்பா கையைப் பிடிக்க வருவார். அது பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

வெள்ளை வண்டி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். செல்போன் அடித்தது.

“மேடம், நீங்க இப்ப ஓட்டிக்கிட்டிருக்கறது என் வண்டி.”

“யார் பேசறது?”

“மாட்டு டாக்டர். உங்க ஆர்.சி. புக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்த்தாள். அவன் எடுத்திருந்த பச்சை வண்டியின் ஆர்.சி. புக்! பேயாண்டி மாற்றிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் சந்தித்தார்கள். குளத்தின் ஒரு பக்கத்தில் புது மழைத் தண்ணீர், நடுவில் மைய மண்டபம், அதன் மேல் வரிசையாகப் புறாக்கள். புத்தகத்தை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். பருத்திப்பால் குடிக்க ஐந்து நிமிடம். அவர்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள்.

“பச்சை எப்படி ஓடுது?” என்று சீண்டினாள்.

“முதல் ரெண்டு நாள் இடது காலை எங்க வைக்கறதுன்னே தெரியல. சும்மா சும்மா தரையை மிதிச்சேன். எங்கப்பாவை ஏத்திட்டுப் போனேனா… அவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ‘ஏண்டா, ஸ்டீயரிங்கைத் தவிர உனக்கு அதுல வேற வேலையே இல்லையா? சம்பளம் நீ வாங்குறியா, வண்டி வாங்குதா?’ன்னு கேக்கறார்.”

அவள் சிரித்த சிரிப்பில் இரண்டு புறாக்கள் பறந்துவிட்டன. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து…

அதற்கப்புறம் எப்படியோ அடிக்கடி பார்க்க நேர்ந்தது. கொட்டாம்பட்டிப் பக்கம் அவனுக்கு மாடுகள் இருந்தன; அவளுக்குத் தண்ணீர் தேடுகிற தோட்டங்கள் இருந்தன. திருச்சி ரோட்டில் எதிரெதிரே வருகிற வெள்ளையும் பச்சையும் விளக்கை அணைத்துப் போட்டுக்கொள்ளும். புளிய மரத்தடியில் ஓரம் கட்டுவார்கள். அவன் டிபன் பாக்ஸைத் திறப்பான். அவள் நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

“உக்காந்து சாப்பிட்டா என்ன, உங்க தண்ணி ஓடியா போயிரும்?”

“ஓடும் டாக்டர். பூமிக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் மேலூர் தாண்டுவதற்குள் அவன் சொன்ன ஏதோ ஒன்றை நினைத்துத் தனியாகச் சிரிப்பாள். அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிடும். இவனுக்கும் ஒரு நாள் தெரியவரும்… இவனும் ஒரு நாள் மெதுவாக நடந்து காட்டச் சொல்வான்… கிளட்ச்சை இன்னும் ஓங்கி மிதிப்பாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

* * *

கார்த்திகையில் ஒரு நாள் அது நடந்தது.

கொட்டாம்பட்டிக்கு மேற்கே முத்திருளன் என்பவருடைய தோட்டம். இடம் குறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பாதை களிமண் குழம்பாகக் கிடந்தது. பின்னால் எடுத்து, திருப்பி, மறுபடி பின்னால் எடுத்து… நாலாவது தடவை கிளட்ச்சை மிதிக்கப் போனால் கால் இறங்கவில்லை. அவளுடைய கால்தான். ஆனால் யாருடையதோ போல அப்படியே நின்றது. வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. முத்திருளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று, “என்னம்மா ஆச்சு? ஆளைக் கூப்பிடவா?” என்றார்.

“வேணாம்ணே… ஒண்ணுமில்ல… வந்துரும்…”

அவர் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடு பார்க்க வந்திருந்த டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். பச்சை வண்டி சேற்றைப் பற்றிக் கவலையே இல்லாமல், அணையாமல், திணறாமல், தவழ்கிற குழந்தை மாதிரி மெல்ல ஊர்ந்து வந்து நின்றது.

விஸ்வநாத் கதவைத் திறந்தான். “இறங்குங்க. நான் எடுத்துத் தாரேன்.”

“நானே எடுத்துப்பேன்.”

“இந்து… உங்களுக்குக் கால் முடியல.”

அவள் முகம் சட்டென்று வெளுத்தது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. முதல் நாளே பாத்தேன். ஒரு காலுக்குப் பாரம் கொடுக்காம மாடு நின்னா எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அப்ப… பச்சையை எடுக்கச் சொன்னது இதுக்குத்தானா?”

“ஆமா.”

“அப்புறம் வெள்ளையை எனக்கு விட்டது?”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை. “அம்புட்டு வலியோட அந்தக் கரையில வண்டியைத் தாங்கிப் பிடிச்சீங்க. அதுக்கப்புறம் உங்ககூடப் போட்டி போட எனக்கு மனசு வரல.”

“பிச்சை போட்டிருக்கீங்க.”

“இந்து, அது அப்படி இல்ல…”

“எங்க வீட்லயும் எல்லாரும் இப்படித்தான் சார். வழி விடுவாங்க. நீங்க ஒருத்தராவது எங்கூடச் சண்டை போட்டு வண்டியைக் கேட்டீங்கன்னு நினைச்சேன்… அதுவும் பொய்யா?”

முத்திருளனின் டிராக்டர் வந்து வெள்ளை வண்டியை இழுத்து வெளியே விட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தது. நாலாவது நாள் அடிக்கவில்லை… அதுவும் பிடிக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனாள், இறங்கினாள், மறுபடி போனாள். கடைக்கு வந்து புடவைகளைப் பிரித்து மடித்தாள், மடித்ததையே பிரித்தாள். அப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

பத்தாவது நாள் பசுமலைக்குப் போய் நின்றாள்.

“அண்ணே, வெள்ளையை வித்துக் கொடுத்துருங்க. எனக்கு வண்டியே வேணாம்.”

பேயாண்டி திடுக்கிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். தானாகவே தலையைச் சொறிய ஆரம்பித்தார்.

“தங்கச்சி… அந்த ஆர்.சி. புக் சமாச்சாரத்துக்குத்தான கோவம்? டாக்டரு சொல்லிட்டாரா? நான் அப்பவே வேணாம்னேன்…”

“என்ன சமாச்சாரம்?”

“புக்கை நான் என்னத்துக்கு மாத்திக் கொடுக்கப் போறேன்? பதினெட்டு வருசமா இதே தொழில். அவருதான் வந்து உக்காந்துக்கிட்டாரு. ‘அண்ணே, புக்கை மாத்தி மட்டும் கொடுத்துருங்க, அந்த மேடத்தை இன்னொரு தடவை பாக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியல’ன்னு. முடியாதுன்னேன். ரெண்டு நாள் எந்திரிச்சே போகல தங்கச்சி! அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே நான் ஓய்ஞ்சு போனேன். நம்மளுக்கும் பொம்பளப் புள்ளைக இருக்கு. ஆளு மோசம்னு ஒரு சந்தேகம் வந்திருந்தாக் கொடுத்திருப்பனா?”



ஏமாற்றியிருக்கிறான்! பொய் சொல்ல வராது என்று நினைத்தோமே, அந்த ஆள்… முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கு அடியில், நாற்பது அடிக்குக் கீழே பாறையை உடைத்தவுடன் தண்ணீர் வருமே, அந்த மாதிரி என்னவோ குபுகுபுவென்று பொங்கியது. இரக்கப்படுகிறவன் வழி விட்டுவிட்டு ஒதுங்கிப் போவான். இவன் வழியை மறித்திருக்கிறான். மறிப்பதற்குப் புத்தகத்தையே மாற்றியிருக்கிறான்…

“தங்கச்சி, வண்டி விக்கணுமா?”

“அப்புறம் சொல்றேண்ணே!”

* * *

டாக்டரை விசாரித்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த, ராக்கம்மாளின் மாட்டுக் கொட்டகை கொட்டாம்பட்டியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது. வாசலில் பச்சை வண்டி. உள்ளே ஒரு செவலைப் பசு தரையில் படுத்து முனகிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மண்டியிட்டு, சட்டையில்லாமல், தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டபடி விஸ்வநாத். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குச் சொந்தக்காரி ராக்கம்மாள், புருஷன் வெளியூர் போன நாளில் பசு இப்படிப் பண்ணிவிட்டதே என்ற ஆத்திரத்தில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

“ஆர்.சி. புக்கை மாத்தச் சொன்னது நீங்கதானே?” என்றாள் இந்துப்ரியா, வாசலிலிருந்தே.

அவன் தலையை மட்டும் திருப்பினான். நெற்றியெல்லாம் வேர்வை. கண்களில் பயம், சந்தோஷம், பரிதவிப்பு எல்லாம் ஒன்றாக வந்து போயின.

“ஆமா… இந்து, ஒரு நிமிஷம்… கை உள்ள இருக்கு…”

“ஏன் அப்படிப் பண்ணீங்க?”

“தாயி, நீ யாரா வேணா இரு,” என்று ராக்கம்மாள் கத்தினாள். “உங்க பஞ்சாயத்தைப் பெறகு வச்சுக்க. எம்மாடு செத்துரும் போல இருக்கு!”

“முன்னங்கால் வந்துருச்சு!” என்றான் விஸ்வநாத். “ராக்கம்மா, கன்னுக்குட்டி கால்ல கட்டின கயித்தைப் பிடிங்க… இந்து, நீங்களும் பிடிங்க. பசு முக்குறப்ப மட்டும் இழுக்கணும். நான் சொல்றப்ப…”

அவள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். “இப்ப!” இழுத்தார்கள். “நிறுத்துங்க… இப்ப!” ஊன்றிய இடது காலில் அந்தச் சூட்டுக் கம்பி ஏறியது. வழக்கம்போல உதட்டைக் கடிக்கப் போனாள். கடிக்கவில்லை.

“கால் வலிக்குது!” என்று சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் முதல் தடவை. சொன்னதும் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

“எம்புட்டு வலிக்குது?” என்றான் அவன், கையை எடுக்காமல், கண்ணை எடுக்காமல்.

பாவம் என்று சொல்லவில்லை. போய் உட்கார் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்று கேட்டான்.

“ரொம்ப… உயிர் போகுது. தினமும் போகுது. கிளட்ச்சை மிதிக்கறப்பல்லாம் போகுது!”

“சரி. வலது காலுக்குப் பாரத்தை மாத்துங்க. இன்னும் ஒரே ஒரு தடவை இழுக்கணும். முடியுமா?”

“முடியும்!”

“இப்ப!”

வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது கன்று. ஒரு கணம் அசைவில்லை. அவன் அதன் மூக்கைத் துடைத்து, மார்பைத் தேய்த்து, தலைகீழாகத் தூக்கி உலுக்கினான். தும்மியது! ராக்கம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். தாய்ப்பசு திரும்பி நாக்கால் தடவ ஆரம்பித்தது.

இந்துப்ரியா வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள். விஸ்வநாத் வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே தரையில் உட்கார்ந்தான். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“நான் பேச வந்ததைப் பேசிடறேன்,” என்றாள். “எனக்குப் பச்சை வண்டிதான் சரி. அன்னிக்கு எனக்கே தெரியும். வீம்புக்கு வெள்ளையை எடுத்தேன். நீங்கதான் ரெண்டு மாசமா வெள்ளை வேணும்னு காத்திருந்தீங்களே… மாத்திக்கலாம். பச்சையை எனக்குக் கொடுங்க.”

“முடியாது,” என்றான்.

அவள் நிமிர்ந்தாள். “என்னது?”

“கொடுக்க முடியாது. அந்த வண்டி இப்ப எனக்குப் பிடிச்சுப் போச்சு. சேத்துல அணையறதில்ல. ஒரு நாள்ல நாப்பது மாடு பாத்துட்டு ஓட்டிட்டு வந்தாலும் உடம்பு வலிக்கறதில்ல. நான் ஏன் கொடுக்கணும்?”

“எனக்குக் காலு சரியில்லன்னு தெரியுமில்ல?”

“தெரியும். இருந்தாலும் கொடுக்க முடியாது.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு வருடமாக நாற்காலியும் வழியும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்த உலகத்தில் ஒருவன் முடியாது என்கிறான்… கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்கத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?”

“ஒரே ஒரு வழி இருக்கு.” அவன் வைக்கோலை ஒவ்வொன்றாக உருவினான். காது நுனி சிவந்துகொண்டு வந்தது. “ரெண்டு வண்டியும் ஒரே வீட்டு வாசல்ல நிக்கணும். காலையில சாவிக்கு நாம சண்டை போட்டுக்கணும். தினமும் நீங்கதான் ஜெயிப்பீங்க… எனக்குத் தெரியும். இருந்தாலும் சண்டை போடாம விட மாட்டேன்.”

“இது வண்டி விஷயமா டாக்டர், வேற விஷயமா?”

“வேற விஷயம்தான்.” இப்போது நேராகப் பார்த்தான். “இந்து, பரிதாபப்பட்டிருந்தா அன்னிக்குக் கரையிலேயே மறந்திருப்பேன். என்னால முடியல. ராத்திரி தூக்கமும் இல்ல, பகல்ல வேலையும் ஓடல. உங்களைப் பிடிச்சிருக்கு. காலோட, கோவத்தோட, நின்னுக்கிட்டே சாப்பிடற அவசரத்தோட… எல்லாத்தோடயும். நான் உங்களைக் காதலிக்கிறேன்.”

கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. ராக்கம்மாள் இந்தப் பக்கம் திரும்பாமல், ஆனால் காதை மட்டும் தீட்டிக்கொண்டு, ஒரே இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இந்துப்ரியா தன் வீட்டு மொழியில், சௌராஷ்டிரத்தில், மெல்ல ஒரு வாக்கியம் சொன்னாள்.

“அப்படின்னா என்ன?”

“காமராஜர் சாலைக்கு வந்து எங்கப்பாகிட்டக் கேளுங்க. அர்த்தம் சொல்லுவாரு. முதல்ல குதிப்பாரு, அப்புறம் சொல்லுவாரு.”

“ஞாயித்துக்கிழமை வாரேன். எங்கப்பாவையும் கூட்டிட்டு வாரேன். ஆனா எனக்கு இப்பவே தெரியணும்.”

“அவசரமா?”

“ரொம்ப.”

“ஏம்மா, சொல்லித் தொலையேன்! டாக்டரு மூஞ்சியப் பாக்க முடியல,” என்றாள் ராக்கம்மாள்.

இந்துப்ரியா சிரித்தாள். கை நீட்டி, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கை எடுத்தாள். எடுத்த கை அங்கேயே கொஞ்சம் தயங்கி நின்றது.

“எனக்கு நீங்க வேணும்னு அர்த்தம்,” என்றாள்.